எடுத்துக்காட்டு 3.7

தேர்வாளர் சந்தோஷ்குமாரின் தலையிலிருந்து வடிந்த எண்ணெய், குழல்வாய்மொழியின் ஆய்வேடு இருந்த கூரியர் உறையின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவர் அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு, இடுப்பில் சுற்றியிருந்த ஈரத் துவர்த்துத் துண்டின் நுனியால் ஒரு இழுப்பு இழுத்தார். அதுவரை வட்டமாக இருந்த கறை உறை முழுக்கப் பரவியது. பிறகு அதே கையால் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

ஜூலை மாதத்துக் காலை ஏழரை மணி. ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு லாட்ஜின் வராந்தா. பதினோரரை மணிக்குத் தென்காசிக் கல்லூரியில் குழலுக்கு பிஎச்.டி. வைவா, ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. ஒன்பது வருடம் இழுத்த தேர். இன்றைக்கு நிலைக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். இந்த மாத முடிவுக்குள் பட்டச் சான்றிதழ் தராத ஆசிரியர்கள் ஆகஸ்டில் வர வேண்டாம் என்று அவள் பாடம் நடத்துகிற கல்லூரியின் நிர்வாகம் எழுத்தில் கொடுத்திருந்தது. அவளுக்கு நாற்பத்தொரு வயது.

வழிகாட்டிப் பேராசிரியர் பரமேஸ்வரனிடம் படித்தவர்களுக்கெல்லாம் வைவா குற்றாலச் சாரல் காலத்தில்தான் நடக்கும். மார்ச்சில் கூப்பிட்டால் தேர்வாளருக்கு முதுகு வலிக்கும், பேத்திக்குக் காது குத்து வரும். ஜூலையில் கூப்பிட்டால் முந்தின நாளே பெட்டியோடு வந்து இறங்கிவிடுவார்கள். அருவிக்குப் பக்கத்தில் அறை, விடியற்காலையில் எண்ணெய் மசாஜ், குளியல், அப்புறம் சாப்பாடு. அதற்கும் அப்புறம்தான் கணிதம். இந்த உபசாரத்தை ஆய்வு மாணவரே முன்னின்று செய்ய வேண்டும் என்பது துறையின் வழக்கம்.

ஆகவே குழல் குத்துக்கல்வலசையில் இருக்கிற தன் வீட்டிலிருந்து ஐந்து மணிக்கே கிளம்பி வந்து, இந்த மனிதரை அருவிக்கு அனுப்பிவிட்டுக் கடைகளின் ஓரமாக ஒரு மணி நேரம் நின்றாள். தூரத்தில் வெள்ளையாக விழுகிற தண்ணீர் அவள் காலடிக்கு வரும்போது வேறு ஏதோவாகிவிட்டிருந்தது. மேலே எண்ணெய்ப் படலம், அதில் மயிர்க்கற்றை, ஷாம்பு உறைகள், யாரோ அவிழ்த்துப் போட்ட உள்ளாடை ஒன்று. பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற புகை. செருப்பைத் தூக்கித் தூக்கி வைத்து நின்றாள்.

இப்போது அவள் கண் அந்த உறையின் மேலேயே இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அனுப்பியது. ஒட்டிய நாடா ஒட்டியபடியே இருக்கிறது. ஆனால் ஆய்வேட்டைப் படித்துப் பார்த்து மகிழ்ந்ததாகவும், மூன்றாம் அத்தியாயம் மிகப் புதுமையானது என்றும் அவர் கையெழுத்திட்ட அறிக்கை பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. அதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பரமேஸ்வரன் சார் சொல்லச் சொல்ல அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்ததே அவள்தான். 'மிகப் புதுமையானது' என்று அவர் சொன்னபோது 'மிக' போதுமா என்று கேட்டது கூட அவள்தான். நினைத்தால் நாக்கில் கசந்தது.

அந்தப் புதுமை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

குற்றாலத்தில் சீசனுக்கு அறை தேடுகிறவன் கையில் ஒரு தாள் இருக்கும். 'வாடகை குறைவு' என்று எழுதி அதன் கீழே நாலு பெயர், 'அருவிக்குப் பக்கம்' என்று எழுதி அதன் கீழே மூன்று பெயர். இப்படி ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பட்டியல் வைத்து, எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டினால் அதற்கு மென்கணம் என்று பெயர். இந்தக் கட்டுகளில் சிலவற்றைச் சில விதிகளின்படி பொறுக்கி எடுத்து, இவை திறந்த கணங்கள் என்று அறிவித்தால் அது மென் இடவியல். இதுவரை எல்லாம் ஒழுங்கான கணக்கு. நல்ல மூளைகள் உழைத்த இடம். குழலும் எம்.எஸ்சி. படிக்கிற காலத்தில் இதன் அழகில் சொக்கித்தான் போனாள்.

அப்புறம் வந்தது பிழைப்பு. திறந்த கணத்தின் விதியைக் கொஞ்சம் தளர்த்தி, கிட்டத்தட்டத் திறந்தது என்று ஒரு புது இனத்தை உண்டாக்கலாம். அதற்கு ஒரு கிரேக்க எழுத்தைப் பெயராக வைக்கலாம். அந்த இனத்தை வைத்துத் தொடர்ச்சியான சார்புகள் என்று இன்னொரு அத்தியாயம் எழுதலாம். அதே பன்னிரண்டு தேற்றங்கள், அதே நிரூபணங்கள், எழுத்து மட்டும் மாறும். பரமேஸ்வரன் சாரிடம் இருபத்திரண்டு பேர் பட்டம் வாங்கியாயிற்று. ஆல்பா, பீட்டா, காமா எல்லாம் பழைய மாணவர்களோடு போய்விட்டன. குழலுக்குக் கிடைத்தது காப்பா, அதன் தலையில் ஒரு நட்சத்திரம். காப்பா ஸ்டார்.

காப்பா ஸ்டாரின் இலக்கணத்தை சார்தான் ஒரு பழைய தேர்வுத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ஒரு கணம், தன் உட்பகுதியின் மூடலும் தன் முன்மூடலும் சேர்ந்ததற்குள் அடங்கினால் அது காப்பா ஸ்டார் திறந்த கணம். கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் மூடல் என்பது என்ன? ஒரு கணத்தைச் சுற்றிப் போடுகிற வேலி. அது முன்மூடலோ பின்மூடலோ, வேலி போட்டால் கணம் வேலிக்குள்தான் இருக்கும். அடங்காத கணம் என்று உலகத்திலேயே ஒன்று கிடையாது. பரீட்சை எழுதாதவனும் பாஸ் ஆகிற பரீட்சை அது. எல்லாக் கணமும் திறந்தது, எல்லாச் சார்பும் தொடர்ச்சியானது, நூற்று அறுபது பக்கமும் வெறுங்காற்று.

குழல் இதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்கிற இடத்துக்கு நாலு வருடம் முன்பே வந்து நின்றாள். ஆய்விதழுக்கு அனுப்புகிற கட்டுரையில் 'இதன் மறுதலை உண்மையன்று' என்று எழுதி, காப்பா ஸ்டாருக்கு வெளியே நிற்கிற கணம் ஒன்றை எடுத்துக்காட்டாகத் தர வேண்டும். தராவிட்டால் பத்திரிகைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். எல்லாரும் போடுகிற மாதிரி நாலு வீடுகளைக் கணத்தின் உறுப்புகளாக வைத்துக்கொண்டு மூன்று நாள் தேடினாள். எதுவும் வெளியே நிற்கவில்லை. சாரிடம் போனாள்.

"மூடல் பெருசா இருந்தா எப்படிம்மா வெளிய நிக்கும்? கொஞ்சம் சின்னதா எடு" என்றார் சார்.

அவள் சின்னதாக எடுத்தாள். மூடலின் பட்டியலிலிருந்து மூன்றாம் வீட்டை அடித்துவிட்டாள். கணத்தில் இருக்கிற மூன்றாம் வீடு அதன் வேலிக்குள் இல்லை. முதல் வருடப் பிள்ளை கூடப் பார்த்துச் சிரிக்கும். ஆய்வேட்டில் அதுதான் எடுத்துக்காட்டு 3.7. கட்டுரை அச்சாயிற்று, ஏழு பேர் அதை மேற்கோள் காட்டினார்கள். தட்டச்சில் நேர்ந்த பிழை என்று தனக்குத்தானே அவள் சொல்லிக்கொண்டாள். பொய். அந்த வீட்டை அடிக்கும்போது விரல் ஒரு நொடி தயங்கி நின்றது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதோடு போயிருந்தால் அவள் தூங்கியிருப்பாள். சங்கரேஸ்வரி வந்ததுதான் வினை.

சங்கரேஸ்வரி சுரண்டைப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். குழலிடம் எம்.எஸ்சி. படித்தவள். அண்ணன் ராணுவத்தில், சித்தப்பா போலீசில். அவளும் போலீஸ் தேர்வில் ஓட்டம், கயிறு ஏற்றம் எல்லாம் முடித்து ஆர்டர் வருகிற நேரம். "உனக்கு இருக்க மூளைக்குக் கான்ஸ்டபிள் வேலையா?" என்று சொல்லி அவளைக் கையைப் பிடித்து பரமேஸ்வரன் சாரிடம் கூட்டிப்போனது குழல். இரண்டரை வருடம் ஆகிறது. சார் அவளுக்குக் கொடுத்த எழுத்தும் காப்பா ஸ்டார்தான், கூடவே எழுத்தின் தலையில் ஒரு தொப்பிக் குறி. குழலின் இனத்துக்கு மேலே இன்னொரு இனம். காற்றின் மேல் மாடி.

மற்றவர்கள் போல் அவள் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டு போகவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டாள். "வெளிய நிக்குத செட்டு ஒண்ணு நாலு மாசமா தேடுதேன் அக்கா, அம்புட மாட்டேங்கு" என்று நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பக்கம் பக்கமாக நாலு வீடு, அஞ்சு வீடு, ஆறு வீடு. எல்லாம் சரியான கணக்கு. குழல் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "தேடு, கிடைக்கும்" என்றாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல் அன்று இரவு முழுவதும் இருந்தது.

மறுநாள் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அது இரண்டு வாரத்துக்கு முன்னால்.

"நம்ம டெஃபனிஷன்ல எல்லா செட்டும் வந்திருது சார். ஒண்ணு கூட வெளிய நிக்காது."

சார் பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். நெற்றியில் பளிச்சென்று திருநீறு, சலவை மடிப்புக் கலையாத சட்டை. "3.7-ல ஒண்ணு நிக்குதே" என்றார்.

"அது தப்பு சார். குளோஷர்ல மூணாம் வீட்ட நான்தான் அடிச்சேன்."

"அப்ப தப்பு ஒன்னோடதுல்லா?" என்று சார் கனிவாகக் கேட்டார். காதிலிருந்து எடுத்த மூடியைப் பார்த்தார், பிறகு அதைப் பேனாவில் செருகி மேசை மேல் வைத்தார். "பாரும்மா. வைவாவுக்கு நாள் குறிச்சாச்சு. ரூம் போட்டாச்சு. அந்த மனுசன் அருவியில குளிக்கணும்னு வாராரு. நீ எதுக்கு அவர் தலையில மண்ண அள்ளிப் போடுத? ஒன் வேலைய நெனச்சுக்கோ."

அந்த மஞ்சள் அழுக்கு படிந்த பேனாவால்தான் அன்றைக்கு வைவாவுக்கான அவளுடைய தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

இன்று காலையில் இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் முக்குகிற சந்தோஷ்குமாரின் முன்னால் நின்றுகொண்டு, இவரிடமாவது சொல்லிவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. இவர் ஒரு வார்த்தை சொன்னால் வைவா நின்றுவிடும். வேலை போகும். ஆனால் அந்தச் சுரண்டைப் பெண் இன்னும் மூன்று வருடத்தை வெறுங்காற்றில் போட மாட்டாள்.

"சார், மூணாவது சாப்டர்ல ஒரு தப்பு இருக்கு" என்றாள்.

"தப்பு இல்லாத தீசிஸ் எங்கேம்மா இருக்கு? வடை நல்லா இருக்கு. எந்தக் கடை?"

"பெரிய தப்பு சார். எல்லா செட்டுமே காப்பா ஸ்டார் ஓப்பன்தான். அந்த டெஃபனிஷனுக்கே அர்த்தம் இல்ல."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். ஒரு நொடி அந்த எண்ணெய் முகத்தில் ஒரு கணித ஆசிரியர் எட்டிப் பார்த்தார். புருவம் சுருங்கியது, உதடு எதையோ முணுமுணுத்துச் சரிபார்த்தது. "ஆமா" என்றார். "முன்மூடல் இருக்குல்ல. ஆமா, ஆமா."

குழல் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"என் ஸ்டூடண்ட் ஒருத்தன் உங்க காப்பா ஸ்டாரை வெச்சு ரெண்டு பேப்பர் போட்டுட்டான்மா" என்றார் அவர். "டிசம்பர்ல அவனுக்கு வைவா. உங்க சார்தான் எக்ஸாமினர். இப்ப நீங்க இப்படிச் சொன்னா அவன் எங்கே போவான்?" ஏப்பம் விட்டார். சாம்பாரும் நல்லெண்ணெயும் கலந்த வாடை அவள் முகத்தில் வந்து மோதியது. "நல்ல பொண்ணா பத்து மணிக்கு வந்து எழுப்புங்க. எண்ணெய் தேய்ச்சதுக்கு அசத்துது. அப்புறம், செங்கோட்டைப் பக்கம் கோழி நல்லா இருக்குமாமே? மத்தியானத்துக்கு அதையே சொல்லிடுங்க."

அவள் படியிறங்கி, லாட்ஜின் பின்பக்கக் குழாயில் முகத்தைக் கழுவினாள். இரண்டு தரம் கழுவியும் அந்த வாடை போகவில்லை.

பதினோரரைக்குத் துறை அரங்கில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதி பேர் மதியச் சாப்பாட்டுக்காக வந்தவர்கள். வைவாவில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. யாரும் எதையாவது கேட்டுத் தொலைக்கக் கூடாது என்பதால், கேள்விகளைச் சீட்டில் எழுதி முன்கூட்டியே நாலு பேர் கையில் கொடுத்துவிடுவது சாரின் ஏற்பாடு. அந்தச் சீட்டுகளை எழுதியதும் குழல்தான். வருங்காலத்தில் இதை எங்கே பயன்படுத்தலாம், இந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கத் தூண்டியது எது என்று நாலு சொத்தைக் கேள்விகள்.

அவள் முக்கால் மணி நேரம் பேசினாள். சந்தோஷ்குமார் ஈரம் காயாத தலையோடு போன் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று சீட்டுக் கேள்விகள் முடிந்தன. நாலாவது சீட்டு சங்கரேஸ்வரியுடையது. அவள் எழுந்தாள், சீட்டைப் பார்த்தாள், அதை மடித்து வைத்துவிட்டுத் தன் நோட்டைத் திறந்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம் மேடம்" என்றாள். சபை என்பதால் அக்கா என்று கூப்பிடவில்லை. "3.7-ல நீங்க ஒரு செட்ட வெளிய நிறுத்தியிருக்கீங்க. அந்த மாதிரி செட்ட எப்படிக் கண்டுபிடிக்கணும்? நான் நாலு மாசமா நூத்திப் பத்து செட்டு போட்டுப் பாத்துட்டேன். என்ன தப்பு பண்ணுதேன்னு தெரியல."

குறும்போ குத்தலோ அதில் இல்லை. தப்பு தன்னுடையது என்றே அவள் நம்பிக் கேட்டாள். பரமேஸ்வரன் சார் கனைத்தார். "அதப் பிறவு தனியா பேசிக்கிடலாம், உக்காரும்மா" என்றார்.

சங்கரேஸ்வரி உட்காரப் போனாள். குழல் கை நீட்டி அவளை நிறுத்தினாள்.

"நீ தப்பே பண்ணல" என்றாள். "அப்படி ஒரு செட்டு கிடையாது. 3.7 பொய். மூடல்லேருந்து மூணாம் வீட்ட நான்தான் அடிச்சேன். எல்லா செட்டும் காப்பா ஸ்டார் ஓப்பன். எல்லா ஃபங்ஷனும் கண்டினியுவஸ். இந்தத் தீசிஸ்ல ஒண்ணும் கிடையாது."

பின்வரிசையில் யாரோ பக்கத்தில் இருந்தவரை எழுப்பினார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று குழல் நினைத்தாள். நினைத்தபோது அருவருப்பு ஒன்றும் இல்லாமல் ஒரு நிமிடம் மூச்சு தாராளமாக வந்தது.

பரமேஸ்வரன் சார் மெதுவாக எழுந்து மைக்கை வாங்கினார்.

"இதுதான் ஆராய்ச்சியாளரோட நேர்மைங்கிறது" என்றார். "ஒவ்வொரு மென்கணமும் காப்பா ஸ்டார் திறந்த கணமே. இது ஒரு புதிய தேற்றம். இதுவரை யாரும் நிரூபிக்கல. இந்த அரங்கத்தில, இன்னைக்கு, நம்ம ஸ்காலர் நிரூபிச்சிருக்காங்க. 3.7-அ எடுத்துட்டு அந்த இடத்தில இத வச்சுக்கிடலாம். எக்ஸாமினர் என்ன சொல்லுதீங்க?"

"வெரி நைஸ்" என்று சந்தோஷ்குமார் போனைக் கவிழ்த்து வைத்தார். "ரொம்ப ஸ்ட்ராங் ரிசல்ட். தனிப் பேப்பராவே போடலாம். நான் பட்டத்துக்குப் பரிந்துரை பண்றேன்."

நாற்பது பேரும் கைதட்டினார்கள். யாரோ ஒரு சால்வையைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டார்கள். அதில் பழைய பீரோவின் கரப்பான் வாடை அடித்தது. புகைப்படத்துக்காகத் தேர்வாளர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் உள்ளங்கை இன்னும் பிசுபிசுத்தது. உண்மையைச் சொல்லியும் இந்தக் கூட்டம் அதைச் சவைத்து விழுங்கிவிட்டுப் பல் குத்துகிறதே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் கையை உதறிக்கொண்டு அவள் போகவில்லை. படம் எடுத்து முடிகிற வரை நின்றாள்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அரங்கில் சங்கரேஸ்வரி மட்டும் இருந்தாள். நோட்டு மடியில் இருந்தது.

"எப்பத்திலேருந்துக்கா தெரியும்?"

"நாலு வருசமா."

"நான் சேரும்போது?"

"தெரியும்" என்றாள் குழல்.

சங்கரேஸ்வரி அழுவாள், ஏசுவாள், ஒரு அறையாவது விடுவாள் என்று குழல் காத்து நின்றாள். அவளோ நோட்டின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"விட்டிரு சங்கரி. இத விட்டுட்டுப் போயிரு" என்றாள் குழல். "நான் அந்தப் புதுத் தேற்றத்த எழுதித் தர மாட்டேன். எல்லாத்தையும் பல்கலைக்கழகத்துக்கு எழுதுதேன்."

"எழுதுவீங்க. அங்கன ஒருத்தர் படிச்சுட்டு வெரி நைஸ்ங்கப் போறாரு" என்றாள் சங்கரேஸ்வரி. "நான் எங்கக்கா போக? போலீசுக்கு வயசு தாண்டிட்டு. எங்க வீட்ல இப்பமே டாக்டரம்மான்னுதான் கூப்பிடுதாங்க. சார் போகும்போது என்ட்ட சொல்லிட்டுப் போறாரு. அந்தத் தொப்பிய எடுத்துட்டு ரெண்டு ஸ்டாரா போட்டுக்கிடணுமாம். டெஃபனிஷன மாத்த வேண்டாமாம். வெளிய நிக்குத செட்டு ஒண்ணு மட்டும் காட்டிட்டா சினாப்சிஸ்ல கையெழுத்துப் போடுவாராம்."

"அப்படி ஒண்ணு இல்லன்னு உனக்குத்தான் இப்ப தெரியுமே."

"தெரியும்" என்றாள் அவள். அதுவரை குனிந்திருந்த முகத்தை நிமிர்த்தினாள். அதில் கோபம் இல்லை. இரண்டரை வருடத்துக்கு முன் சார் அறைக்குக் குழல் கையைப் பிடித்துக் கூட்டிப்போன பெண்ணும் அதில் இல்லை. "எனக்கு அடிக்கத் தெரியாதுக்கா. கை வர மாட்டேங்கு. உங்களுக்குத்தான் பழக்கம். ஒரே ஒரு வீட்ட எனக்கும் அடிச்சுக் கொடுங்க."

நோட்டைத் திருப்பி நீட்டினாள். மேலே பேனா இருந்தது.

கூடாது என்று சொல்லக் குழல் வாயைத் திறந்தாள். அதைச் சொல்லுகிற தகுதி யாருக்கு இருந்தாலும் தனக்கு இல்லை என்று தோன்றியது. தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்தக் கை போய்ப் பேனாவை எடுத்தது.

"எத்தன வீடு வச்சிருக்க?" என்று கேட்டாள்.